செறிந்த கரைசலை நீர்க்கச் செய்தல்: கணக்கு முதல் கழிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கின் பிறை வட்டாரத்தில் செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நடைபெறும் சோதனைகளுள் ஒன்று, எண்ணெயில் உள்ள தனிக் கொழுப்பு அமிலத்தின் விழுக்காட்டைக் கண்டறிவதாகும். எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, நிறமாற்றத்தால் முடிவைக் காட்டும் ஃபினால்ஃப்தலீன் துளிகளை இட்டு, 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று அளப்பார்கள்; இதையே தரம் பார்த்தல் என்கிறோம். கச்சாச் செம்பனை எண்ணெய் வணிகத்தில் இதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் உச்ச வரம்பு 5%. குப்பியின் மேல் 0.100 என்று எழுதியிருக்க, உள்ளே இருக்கும் கரைசல் 0.098 ஆக இருந்துவிட்டால், உண்மையில் 4.95% அமிலம் உள்ள எண்ணெய் 5.05% என்று பதிவாகிவிடும். வரம்புக்குள் இருந்த சரக்கு வரம்பைத் தாண்டியதாகக் கருதப்படும். எண்ணெயிலும் குறையில்லை, கரைசலை அளந்து சொட்டவிடும் பியூரெட்டிலும் குறையில்லை. கரைசலை நீர்க்கச் செய்தபோது நேர்ந்த 2% பிசகே அத்தனைக்கும் காரணம்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் வேதியியலை மலாயில் படித்து, பிறகு பினாங்கின் ஆலை ஆய்வுக்கூடங்களிலோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலோ வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலர், சூத்திரத்தைத் தவறில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் சூத்திரத்துக்கும் குப்பிக்கும் இடையில் கை செய்ய வேண்டிய வேலை நீண்டது. அதை வரிசையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் மாணவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

கண்ணாடிக் கலங்களைக் கையில் எடுக்கும் முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். கலங்களைக் கழுவுவதற்கோ, ஒரு வினையில் அமிலச் சூழலை உண்டாக்குவதற்கோ தேவைப்படும் நீர்த்த அமிலத்தின் செறிவு இரண்டு மூன்று விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை. அதற்கு அளவுஜாடியும் பீக்கரும் போதும். தரம் பார்ப்பதற்கோ கருவியை அளவுதிருத்தம் செய்வதற்கோ பயன்படும் கரைசலின் செறிவோ மூன்று அல்லது நான்கு இலக்கம் வரை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அதற்கு, குறித்த ஓர் அளவைச் சரியாக எடுக்கும் பிப்பெட்டும், கழுத்தில் ஒரே கோடு இட்ட அளவுக் குடுவையும் இன்றியமையாதவை. பீக்கரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கோடுகளை எந்த அளவீட்டுக்கும் நம்ப வேண்டாம். அவை ஏறத்தாழ எவ்வளவு ஊற்றியிருக்கிறோம் என்பதைக் காட்ட மட்டுமே இடப்பட்டவை.

கணக்கு

நீரைச் சேர்க்கும்போது கரைசலின் கனஅளவு கூடுகிறது, செறிவு குறைகிறது, கரைபொருளின் அளவு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது. நீர்த்தல் கணக்கு முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. செறிவைக் கனஅளவால் பெருக்கினால் கிடைப்பது கரைபொருளின் மோல் எண்ணிக்கை. அது முன்னும் பின்னும் ஒன்றே என்பதால்,

செ₁ × க₁ = செ₂ × க₂

இதில் செ₁, க₁ ஆகியவை எடுக்கும் கரைசலின் செறிவும் கனஅளவும்; செ₂, க₂ ஆகியவை ஆக்கப்படும் கரைசலின் செறிவும் கனஅளவும். பள்ளிப் பாடநூல் கன டெசிமீட்டருக்கு இத்தனை மோல் என்று எழுதுவதையே இங்கு மோலார் என்று குறிப்பிடுகிறேன். மாணவர்கள் அதிகமாக வழுக்கும் இடம் க₂. அது நீர்த்தபின் கிடைக்கும் மொத்தக் கனஅளவு. சேர்க்கப்படும் நீரின் அளவு அன்று. 25 மில்லிலிட்டர் கரைசலை எடுத்து 250 மில்லிலிட்டர் ஆக்க வேண்டும் என்றால், அளவுக் குடுவையில் கோடு வரை நீர் நிரப்ப வேண்டுமே தவிர, 225 மில்லிலிட்டர் நீரை அளந்து ஊற்றக் கூடாது. இரண்டு திரவங்கள் கலக்கும்போது கனஅளவுகள் அப்படியே கூடிவிடும் என்பதற்கு உறுதி கிடையாது: 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 கிடைப்பதில்லை, சுமார் 96 அல்லது 97 மில்லிலிட்டரே கிடைக்கும்.

கடையிலிருந்து வரும் செறிந்த அமிலக் குப்பியில் மோலார் எண் பெரும்பாலும் இருப்பதில்லை. நிறை விழுக்காடும் அடர்த்தியும் இருக்கும். அவற்றிலிருந்து மோலார் செறிவைக் கண்டறிவது எளிது. 37% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.19 கிராம். ஆகவே ஒரு லிட்டரின் நிறை 1190 கிராம். அதில் 37%, அதாவது 440.3 கிராம், ஹைட்ரஜன் குளோரைடு. மோலார் நிறையான 36.46 ஆல் வகுத்தால் சுமார் 12.1 மோலார். இதே வழியில் 98% கந்தக அமிலம் (அடர்த்தி 1.84) 18.4 மோலார், 65% நைட்ரிக் அமிலம் (1.39) ஏறத்தாழ 14.3 மோலார், 25% அம்மோனியா (0.91) 13.4 மோலார் என்று வரும். இவற்றை மனப்பாடம் செய்து பயன்படுத்தாமல், கையில் இருக்கும் குப்பியின் பெயர்ச்சீட்டைப் படித்து ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள். ஒரே அமிலம் வெவ்வேறு விழுக்காடுகளில் விற்கப்படுகிறது; 98% கந்தக அமிலமும் உண்டு, 95 முதல் 97% வரை என்று குறித்ததும் உண்டு.

1 லிட்டர் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு, 0.1 × 1000 ÷ 12.1 = 8.3 மில்லிலிட்டர் செறிந்த அமிலம் தேவை. இப்படிக் கிடைக்கும் கரைசல் தோராயமானது என்பதை மறக்க வேண்டாம். திறந்த குப்பியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் மூடியைத் திறந்தவுடன் எழும் வெண்புகையே அதற்குச் சாட்சி. கந்தக அமிலமோ இதற்கு மாறாகக் காற்றின் ஈரத்தை உள்ளிழுத்து மெல்ல மெல்ல நீர்த்துப்போகும். ஆகவே, செறிந்த அமிலத்தைப் பிப்பெட்டால் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அந்த நுணுக்கத்தால் பயனில்லை. அளவுஜாடியால் அளந்து, ஆக்கிய கரைசலைத் தரம் பார்த்து அதன் உண்மையான செறிவைக் கண்டறிவதே சரியான வழி.

விழுக்காட்டில் வேலை செய்வோர் நிறைக்கணக்கைப் பயன்படுத்தலாம். பால்மர (ரப்பர்) தோட்டங்களில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தை நீர்க்கச் செய்தே ஊற்றினார்கள். செறிந்த அமிலத்தை நேராக ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் பால் கட்டிதட்டிவிடும், தகடு சீராக வராது. 85% அமிலத்திலிருந்து 1 கிலோகிராம் 2% கரைசல் வேண்டுமெனில், 2 × 1000 ÷ 85 = 23.5 கிராம் அமிலமும் மீதி 976.5 கிராம் நீரும் தேவை. நிறைக்கு நிறை என்பதால் இங்கே கூட்டல் கழித்தல் சரியாக வரும். கனஅளவில் ஏற்படும் சுருக்கம் குறுக்கே வராது.

‘ஒன்றுக்குப் பத்து’ என்று எழுதப்பட்ட செய்முறையைக் கண்டால் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள். பத்துப் பங்கில் ஒரு பங்கு என்று ஒருவரும், ஒரு பங்கோடு பத்துப் பங்கு நீர் என்று இன்னொருவரும் கொள்வதுண்டு. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 9% வேறுபாடு. நீங்கள் எழுதும்போது 1 + 9 என்றோ, ‘10 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டர் ஆக்குக’ என்றோ எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

செறிந்த அமிலத்தைக் கையாளுதல்

அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பது தெரிந்திருந்தால் அவசரத்திலும் கை தவறாது. கந்தக அமிலம் நீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அடர்ந்தது. நீருடன் சேரும்போது மிகுந்த வெப்பத்தை வெளியிடுவது. அதன்மேல் நீரை ஊற்றினால் நீர் மேலே மிதக்கும். இரண்டும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில் அத்தனை வெப்பமும் எழுந்து, அங்குள்ள சிறிதளவு நீர் நொடியில் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். அமிலத்தை நீரில் ஊற்றினாலோ அது கீழே இறங்கிக்கொண்டே கலக்கும். வெப்பம் நீர் முழுவதிலும் பரவும். ஒளிக்கு எதிரே பீக்கரைப் பார்த்தால், இறங்கும் அமிலம் தார்ச்சாலைமேல் தெரியும் கானலைப் போல நெளிநெளியாகத் தெரியும். அந்த நெளிவுகள் மறையும் வரை கலக்கிவிட்டு அடுத்த பங்கை ஊற்றுங்கள்.

500 மில்லிலிட்டர் 1 மோலார் கந்தக அமிலம் தயாரிப்பதை எடுத்துக்கொள்வோம். தேவையானது 0.5 மோல், 98% அமிலத்தில் அது 27.2 மில்லிலிட்டர், நிறையில் 50.0 கிராம். இந்த அமிலம் எண்ணெய்போல் கொழகொழப்பானது. அளவுஜாடியின் சுவரில் ஒட்டிக்கொண்டு முழுவதும் இறங்காது. எனவே உலர்ந்த சிறிய பீக்கரில் நிறுத்து எடுப்பதையே நான் விரும்புகிறேன்.

பாதுகாப்புக் கண்ணாடி, செறிந்த அமிலத்தைத் தாங்கும் கையுறை, முழுக்கை மேலங்கி ஆகியவற்றை அணிந்துகொண்டு, வேலையைக் கெபுக் வாசாப்பினுள் (புகையை வெளியே இழுக்கும் அலமாரியினுள்) செய்யுங்கள். தொடங்கும் முன் கண்கழுவும் குழாய் எங்கே இருக்கிறது, அதில் நீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள். போரோசிலிகேட் கண்ணாடியாலான 1 லிட்டர் பீக்கரில் சுமார் 350 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, பனிக்கட்டி மிதக்கும் தட்டில் வையுங்கள். அமிலக் குப்பியைப் பெயர்ச்சீட்டு உள்ளங்கையில் படும்படி பிடியுங்கள். வழியும் துளி எழுத்தை அரிக்காது. தேவைக்கு அதிகமாக ஊற்றிவிட்டால் மிச்சத்தைக் குப்பிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது.

இனி அமிலத்தைக் கண்ணாடிக் கோலின் வழியாக மெல்லிய இழையாக, சுமார் 5 மில்லிலிட்டர் அளவிலான பங்குகளாக ஊற்றி, ஒவ்வொரு பங்குக்குப் பின்னும் கலக்குங்கள். பனித்தட்டு இல்லாமல் செய்தால், இந்த அளவு கரைசலின் வெப்பநிலை மொத்தத்தில் 20 பாகை செல்சியஸுக்கு மேல் உயரக்கூடும். 28 பாகையில் தொடங்கியது 50 பாகையை ஒட்டி வரும். செறிவு இன்னும் கூடுதலாக வேண்டுமெனில் உயர்வும் அதற்கேற்பக் கூடும். 50 பாகையைத் தொட்டால் நிறுத்திவிட்டு ஆறவிட வேண்டும். அமிலம் இருந்த சிறிய பீக்கரில் ஒட்டியிருப்பதைக் கழுவ, ஏற்கெனவே நீர்த்து ஆறிய கரைசலையே சிறிது எடுத்து இரண்டு மூன்று முறை அலசி, மீண்டும் பெரிய பீக்கரிலேயே சேர்த்துவிடுங்கள்.

இந்தக் கலவையை அளவுக் குடுவையிலோ அளவுஜாடியிலோ நேரடியாகச் செய்யக் கூடாது. தடித்த கண்ணாடி சூட்டால் வெடிக்கக்கூடும். கோடு இட்ட கலத்தின் கனஅளவும் கெடக்கூடும். கரைசல் அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே புனல் வழியாக 500 மில்லிலிட்டர் அளவுக் குடுவைக்கு மாற்றி, பீக்கரைச் சிறிது சிறிதாக நீர் விட்டு மூன்று முறை அலசி, அந்த நீரையும் சேர்த்து, கோடு வரை நிரப்ப வேண்டும். 45 பாகையில் இருக்கும்போதே அவசரப்பட்டு நிரப்பினால், ஆறியபின் கரைசல் கோட்டுக்குக் கீழே சுமார் 3 மில்லிலிட்டர் இறங்கி நிற்கும்.

மற்றவை குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களில் வெப்பம் குறைவு, புகை அதிகம். அம்மோனியாக் குப்பி குளிரூட்டப்படாத சேமிப்பறையில் இருந்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கும். குளிர்வித்த பிறகே, முகத்தை விலக்கிக்கொண்டு திறக்க வேண்டும். தோலில் அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் தாராளமாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமைகளைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிக்கொண்டே, உடனிருப்பவரை மருத்துவ உதவிக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

துல்லியமாக நீர்க்கச் செய்தல்

இப்போது கையில் 1.000 மோலார் திட்டக் கரைசல், அதாவது செறிவு மிகச் சரியாகத் தெரிந்த கரைசல், இருக்கிறது. அதிலிருந்து 250 மில்லிலிட்டர் 0.1000 மோலார் கரைசல் வேண்டும். கணக்குப்படி 25 மில்லிலிட்டரை 250 மில்லிலிட்டர் ஆக்க வேண்டும்.

பிப்பெட்டைக் குப்பிக்குள் நேரடியாக விடக் கூடாது. பிப்பெட்டில் எது ஒட்டியிருந்தாலும் அது முழுக் குப்பியையும் கெடுத்துவிடும். சுத்தமான, உலர்ந்த சிறு பீக்கரில் கொஞ்சம் கரைசலை ஊற்றிக்கொள்ளுங்கள். பிப்பெட்டை அந்தக் கரைசலாலேயே இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் நீர்த்துளிகள் நீங்கிவிடும். அளவுக் குடுவையை மட்டும் ஒருபோதும் கரைசலால் அலசக் கூடாது, காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே அலச வேண்டும். பிப்பெட் எடுக்கும் கரைசலின் செறிவு மாறக் கூடாது. குடுவைக்குள் போகும் கரைபொருளின் அளவு மாறக் கூடாது. குடுவையில் ஏற்கெனவே நீர் இருந்தால் அந்த அளவு மாறுவதில்லை. கரைசலின் துளி இருந்தால் மாறிவிடும். தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு விடை இவ்வளவே. ஆகவே குடுவையை உலர்த்தவும் தேவையில்லை.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது எந்தக் கரைசலுக்கும் கூடாது. ரப்பர் பந்தைப் பயன்படுத்துங்கள். கோட்டுக்குச் சற்று மேல் வரை இழுத்து, வெளிப்புறத்தை மெல்லிய தாளால் துடைத்து, நுனியைப் பீக்கரின் சுவரில் தொட்டபடி, திரவ மட்டத்தின் வளைவான பிறையின் அடிப்பகுதி கோட்டில் அமரும் வரை இறக்குங்கள். பிறகு குடுவையின் கழுத்துச் சுவரில் நுனியைத் தொட்டுக்கொண்டு, பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, தானாக வடியவிடுங்கள். வடிந்து முடிந்ததும் சில நொடிகள் அப்படியே வைத்திருந்து எடுத்துவிடலாம். நுனியில் தங்கும் கடைசிச் சிறு துளியை ஊதி வெளியேற்றாதீர்கள். ‘எக்ஸ்’ என்று பொறித்த சாதாரண பிப்பெட்டின் அளவு, அந்தத் துளியை விட்டுவிட்டே குறிக்கப்பட்டது. கடைசித் துளியையும் ஊதி இறக்க வேண்டிய வகைப் பிப்பெட்டுகளும் உண்டு. அவற்றில் அதற்கான குறி இருக்கும்.

குடுவையில் முக்கால் பங்கு வரை நீர் ஊற்றி, கவிழ்க்காமல் சுழற்றிக் கலக்குங்கள். இந்த முன்கலப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செறிவில் பெரிய வேறுபாடு உள்ள திரவங்கள் கலக்கும்போது ஏற்படும் கனஅளவு மாற்றம் இந்தக் கட்டத்திலேயே பெரும்பாலும் நடந்து முடிந்துவிட வேண்டும். இல்லையெனில் கோடு வரை நிரப்பிய பிறகு அது நடக்கும். பின்னர் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பி, ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் நீர் கீழே வடியட்டும். கோட்டுக்கு மேலே துளிகள் தொங்கிக்கொண்டிருந்தால் சுருட்டிய வடிதாளால் ஒற்றி எடுங்கள். அவை பிறகு உள்ளே இறங்கினால் கணக்கில் சேராத நீராகிவிடும். இப்போது சொட்டுக்குழாயை எடுத்து, குடுவையை மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கோட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கோடாகத் தெரிந்தால் மட்டம் சரி. குடுவைக்குப் பின்னால், கீழ்ப்பாதி கறுப்பாக்கிய வெள்ளை அட்டையைப் பிடித்தால் பிறையின் அடி கருங்கோடாகத் துலங்கும். ஒவ்வொரு துளியாக விட்டு, பிறையின் அடி கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் பிறையின் அடி தெரியாது என்பதால், அங்கே மேல்விளிம்பைப் பார்த்து அளக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டிவிட்டால் கரைசலைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். மிகுதியைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுப்பது தீர்வாகாது. எடுக்கும் துளியோடு கரைபொருளும் வெளியே வந்துவிடும்.

அடுத்து மூடியை இறுக்கி, விரலால் அழுத்திப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, காற்றுக்குமிழி குடுவையின் அடிவரை ஏறிய பின் நிமிர்த்துங்கள். இப்படிக் குறைந்தது 15 முறை செய்ய வேண்டும். கழுத்து குறுகலாக இருப்பதால் அங்குள்ள நீர் எளிதில் கீழே வந்து கலப்பதில்லை. கலக்கிய பிறகு மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தால் கலங்க வேண்டாம், மேலும் நீர் விடவும் வேண்டாம். கரைசலில் கொஞ்சம் மூடியிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கிறது, செறிவு மாறவில்லை.

சோடியம் ஹைட்ராக்சைடுக்கு ஒரு தனிக் குறிப்பு. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறும். 50% கரைசலில் சோடியம் கார்பனேட் கரையாமல் அடியில் படிந்துவிடுவதால், மேலேயுள்ள தெளிவை எடுத்து நீர்க்கச் செய்வது நல்ல முறை. 50% கரைசல் சுமார் 19.1 மோலார் என்பதால் 1 லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு 5.2 மில்லிலிட்டர் போதும். நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும். கரைசலைப் பாலிஎத்திலீன் குப்பியில் சேமிக்க வேண்டும், ஏனெனில் காரம் கண்ணாடியை அரிக்கும்.

படிப்படியாக நீர்க்கச் செய்தல்

நீர் மாதிரியில் ஈயத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கொண்ட திட்டக் கரைசலை வாங்கி, அதை 1 மில்லிகிராம் வரை குறைக்க வேண்டியிருக்கலாம். ஆயிரம் மடங்கு. 1 மில்லிலிட்டரை எடுத்து 1 லிட்டர் ஆக்கினால் ஒரே படியில் முடிந்துவிடுமே, மூன்று படிகளில் செய்தால் பிழையும் மூன்று மடங்காகாதா என்று கேட்கத் தோன்றும். எண்களைப் பார்ப்போம். ஐ.எஸ்.ஓ. தரநிலையின்படி ஏ வகுப்பு 1 மில்லிலிட்டர் பிப்பெட்டின் அனுமதிப் பிழை சுமார் 0.008 மில்லிலிட்டர், அதாவது 0.8%. 10 மில்லிலிட்டர் பிப்பெட்டுக்கு அது 0.02 மில்லிலிட்டர், 0.2% மட்டுமே; 100 மில்லிலிட்டர் குடுவைக்கு 0.1%. 10 மில்லிலிட்டரை 100 ஆக்குவதை மூன்று முறை செய்தால், எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 0.9%, அவை தற்செயலாகப் பரவும்போது ஒட்டுமொத்தப் பிழை 0.4% அளவில்தான் நிற்கும். நீரும் 1 லிட்டருக்குப் பதிலாக 300 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே செலவாகும். சிறிய கனஅளவை அளப்பதே பிழையின் பிறப்பிடம்; படிகளின் எண்ணிக்கைக்கு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

ஒவ்வொரு படியிலும் குடுவையைக் கவிழ்த்து முழுவதும் கலக்கிய பிறகே அடுத்த படிக்கு எடுக்க வேண்டும். பிப்பெட்டை அடுத்த கரைசலால் நன்கு அலச வேண்டும், அல்லது வேறு பிப்பெட்டை எடுக்க வேண்டும்: ஆயிரம் மில்லிகிராம் கரைசலின் ஒரு துளி ஒரு மில்லிகிராம் கரைசலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இந்த அலசலைப் பிறகு யாரும் சோம்பலால் விடமாட்டார்கள். 100 மில்லிலிட்டரில் 0.05 மில்லிலிட்டர் துளி ஒன்று செறிவை 50% உயர்த்திவிடும்.

அளவுதிருத்தக் கரைசல்கள் 0.5, 1, 2 மில்லிகிராம் என்று வேண்டுமானால், ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தயாரிக்காமல், 10 மில்லிகிராம் கொண்ட இடைக் கரைசலிலிருந்து முறையே 5, 10, 20 மில்லிலிட்டர் எடுத்துத் தனித்தனியே 100 ஆக்குங்கள். ஒன்றில் தவறு நேர்ந்தால் அந்தப் புள்ளி மட்டும் கோட்டிலிருந்து விலகி, தவறைக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய உலோகக் கரைசல்களை வெறும் நீரால் நீர்க்கச் செய்யக் கூடாது. மிகக் குறைந்த செறிவில் உலோக அயனிகள் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 2% நைட்ரிக் அமிலமே இதற்குரிய கரைப்பான். இரும்பு(III) உப்புகளுக்கும் நீர்த்த அமிலமே வேண்டும். நீரை மட்டும் சேர்த்தால் நீராற்பகுப்பு நடந்து கரைசல் கலங்கிப் பழுப்பாகும்.

நம் ஊர் வெப்பமும் குடுவையின் கோடும்

பெரும்பாலான அளவுக் குடுவைகளின் மேல் 20 பாகை செல்சியஸ் என்று பொறித்திருக்கும். அந்த வெப்பநிலையில்தான் கோடு சரியான அளவைக் காட்டும். வெப்ப நாடுகளுக்கு 27 பாகையை மாற்றாகக் கொள்ளவும் தரநிலையில் இடமுண்டு. ஆகவே வாங்கும்போது பொறிப்பைப் பாருங்கள். பினாங்கில் குளிர்சாதனம் இல்லாத பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிற்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். கண்ணாடி விரிவது மிகக் குறைவு, ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர் அளவுதான். நீர் விரிவதோ கணிசமானது. 30 பாகையில் நிரப்பிய 1 லிட்டர் நீர் 20 பாகைக்குக் குளிர்ந்தால் சுமார் 2.6 மில்லிலிட்டர் சுருங்கும்.

கரைசலை ஆக்குவதும் பயன்படுத்துவதும் ஒரே வெப்பநிலையில் நடந்தால் இதனால் பெருந்தொல்லை இல்லை. சிக்கல் எழுவது, சூடான அறையில் நிரப்பிய கரைசலை 24 பாகையில் இருக்கும் குளிர்சாதன அறையில் பியூரெட்டில் ஊற்றும்போதுதான்: அங்கே கரைசலின் செறிவு ஏறத்தாழ 0.16% கூடியிருக்கும். மூன்று இலக்கத் துல்லியத்துக்கு இதைப் பொருட்படுத்த வேண்டாம். நான்காவது இலக்கத்தை எழுத நினைப்பவர் பொருட்படுத்தத்தான் வேண்டும். நீரையும் திட்டக் கரைசலையும் குடுவையையும் பயன்படுத்தப்போகும் அறையிலேயே முந்தைய இரவு வைத்துவிட்டு, காலையில் அங்கேயே நிரப்புவது எளிய தீர்வு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை உடனே பிப்பெட்டால் எடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

சரிபார்த்தல், பெயர்ச்சீட்டு, சேமிப்பு

செறிந்த அமிலத்திலிருந்து ஆக்கிய 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் உண்மையான செறிவை, உலர்த்திய சோடியம் கார்பனேட்டைக் கொண்டு கண்டறியலாம். சுமார் 270 பாகையில் ஒரு மணி நேரம் உலர்த்தி, ஈரமுறிஞ்சிக் கலத்தில் ஆறவைத்த கார்பனேட்டில் 0.1325 கிராம் எடுத்தால் அது 1.25 மில்லிமோல், ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் என்பதால், மிகச் சரியான 0.1000 மோலார் அமிலம் 25.00 மில்லிலிட்டர் செலவாகும். 24.60 மில்லிலிட்டர் செலவானால் அமிலம் 0.1016 மோலார். அதை 0.1000 ஆக்க வேண்டும் என்று மேலும் நீர் சேர்க்கத் தேவையில்லை, 0.1016 என்று எழுதி அப்படியே பயன்படுத்துங்கள். சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃப்தாலேட் ஏற்றது, 0.5106 கிராம், 25.00 மில்லிலிட்டர் 0.1000 மோலார் காரத்துக்குச் சமம். மூன்று முறை தரம் பார்த்து, ஒத்துவரும் எண்களின் சராசரியைக் கொள்ளுங்கள்.

பெயர்ச்சீட்டில் கரைசலின் பெயர், செறிவு, எந்தக் கரைப்பானில் ஆக்கியது, ஆக்கிய நாள், தரம் பார்த்த நாள், செய்தவரின் பெயர், அபாயக் குறி ஆகியவை இருக்க வேண்டும். வேலையிடத்தில் பயன்படும் அபாயகரமான இரசாயனங்களின் வகைப்பாட்டையும் பெயர்ச்சீட்டையும் பாதுகாப்புத் தரவேட்டையும் பற்றி மலேசியாவில் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்ளன. ஆலையில் வேலை செய்வோர் தங்கள் மேலாளரிடம் அந்தத் தரவேட்டைக் கேட்டுப் படிக்கலாம். எழுத்து அழியாத மையில், குப்பியில் ஊற்றும் முன்பே பெயர்ச்சீட்டை ஒட்டிவிடுங்கள். அளவுக் குடுவை சேமிப்புக் கலம் அன்று. கரைசலைக் குப்பிக்கு மாற்றும்போது, குப்பியை முதலில் அதே கரைசலால் சிறிது அலசிக் கொட்ட வேண்டும்.

இறுக மூடிய குப்பியில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாதக்கணக்கில் நிலைக்கும். இரவில் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டு அறை சூடாகி, காலையில் மீண்டும் குளிரும்போது, குப்பியின் மேல்பகுதி உட்சுவரில் நீர் ஆவியாகிப் படிந்து துளிகளாக நிற்கும். அவ்வளவு நீர் கரைசலைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் குப்பியைக் கவிழ்த்துக் கலக்குங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் போன்ற மிக நீர்த்த உலோகக் கரைசலை அன்றன்றே ஆக்கி அன்றே முடித்துவிட வேண்டும்.

கழிவு

அமிலக் கழிவையும் காரக் கழிவையும் நேராகத் தொட்டியில் ஊற்றக் கூடாது. உலோகம் எதுவும் கலவாத நீர்த்த அமிலத்தை, பெரிய பீக்கரில் கலக்கியபடியே சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாக இட்டு நடுநிலையாக்கலாம். நுரை அடங்கும் வரை காத்திருந்து இட வேண்டும். தொழிற்கழிவுநீருக்கான 2009ஆம் ஆண்டு விதிமுறைகளில், நீர்பிடிப்புப் பகுதிகளுக்குரிய கடுமையான தரம் பிஹெச் மதிப்பை 6 முதல் 9 வரை என்று வைத்திருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடமும் அதையே இலக்காகக் கொள்ளலாம். ஈயம், வெள்ளி, குரோமியம் போன்றவை கலந்த கழிவை நடுநிலையாக்கினாலும் ஊற்றக் கூடாது. 2005ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளின்படி அவற்றைத் தனிக்கலனில் சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கலனில் என்ன ஊற்றினோம், எவ்வளவு ஊற்றினோம் என்பதை ஒவ்வொரு முறையும் அருகில் தொங்கும் பதிவேட்டில் எழுதுங்கள்; அமிலக் கழிவையும், பைகார்பனேட்டோ சயனைடோ கலந்த கழிவையும் ஒரே கலனில் சேர்க்காதீர்கள். பைகார்பனேட் இருந்தால் வாயு எழுந்து மூடி தெறிக்கும். சயனைடு இருந்தால் எழும் வாயு உயிரைக் கொல்லும்.